ஆளுக்கு நாலு குடம்

ஏழாவது வார்டில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் மாட்டி நாற்பத்தோராம் நாள் காலையில் சந்தனமாரி வாசலில் கோலம் போடக் குனிந்தாள், கை தரைக்கு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள், அப்போதும் எட்டவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நிமிர்ந்து, சேலையை ஒதுக்கிக் கீழே பார்த்தால், இரண்டு பாதமும் மண்ணுக்கு நாலு விரற்கடை மேலே சும்மா நின்றுகொண்டிருந்தன. அவள் கத்தவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, கத்துவதற்கெல்லாம் அன்றைக்கு நேரமில்லை. கோலப்பொடியை மேலேயிருந்தே தூவினாள். கோடுகள் கொஞ்சம் பட்டையாக விழுந்தன, அவ்வளவுதான்.

பொழுது ஏறுவதற்குள் வார்டில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்துபோயிற்று. பால் வாங்க வந்தவர் மிதந்தபடி வந்தார், ஊற்றியவரும் மிதந்தபடியே ஊற்றினார். கரண்ட் போன நேரத்தில் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொள்வதைப்போல "ஒங்க வீட்லயுமா?" "ஆமா, எங்க வீட்லயும்தான்" என்று கேட்டுக்கொண்டு, எல்லார் வீட்டிலும்தான் என்று தெரிந்ததும் நிம்மதியாகி அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கணக்கைக் கண்டுபிடித்தவள் ஜெயக்கொடி. ஒட்டங்கரைப் பேரூராட்சியில் மீட்டர் குறிக்கிற வேலை அவளுக்கு. ஆறு வற்றி மூன்றாவது வருஷம் அது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு குடம் என்று பேரூராட்சி சட்டம் போட்டிருந்தது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலே நாலு. ஐந்தாவது குடம் போன வீட்டின் கதவில் ஜெயக்கொடி சிவப்பு அட்டையை வைத்து ஆணி அடிப்பாள், சனிக்கிழமை காலையில் அந்த வீட்டுக்காரர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டைக்கூட மூன்று வருஷமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். முறைப்பெண்கள் முறைப்பையன்களைச் சந்து சந்தாகத் துரத்தி மஞ்சள்தண்ணீர் ஊற்றுகிற அந்த நாளில் இப்போது ஊரே மோர்ச்சோறு தின்றுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டது.

ஜெயக்கொடி அன்றைக்கு வீடு வீடாகப் போய் ஒரு கையில் மீட்டர் நோட்டும் இன்னொரு கையில் தையல்காரர் நாடாவும் வைத்து அளந்தாள். நாலு குடத்தில் ஒரு குடத்தை மிச்சம் பிடித்தவர் ஒரு நூல் ஏறுகிறார், இரண்டு மிச்சம் பிடித்தவர் இரண்டு நூல் ஏறுகிறார், சரியாக நாலு குடம் புழங்குகிறவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். நேற்று ஏறியது நேற்றோடு போவதில்லை, இன்றைக்கு ஏறுவது அதன் மேல் சேர்ந்துகொள்கிறது. மீட்டர் வீட்டுக்கு ஒன்றுதான், ஆனால் உடம்புக்கு ஆள் கணக்குத் தெரிந்திருந்தது. இறங்க வேண்டுமானால் ஒரே வழி, ஐந்தாவது குடம். ஐந்தாவது குடம் என்றால் சிவப்பு அட்டை. அதனால் ஏறியவர் யாரும் இறங்கவில்லை, முழம் உயரத்துக்கு வந்ததும் நாலு குடத்துக்குத் திரும்பி அங்கேயே நின்றுகொண்டார்கள்.

நின்றுகொண்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், அதற்கு வார்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் வாரம் நிலைப்படிகளில் தலை இடித்தது, இரண்டாவது வாரம் நிலைப்படிகளில் பழைய தலையணையைக் கட்டினார்கள். சேலைக்குக் கீழே கால் தெரிகிறது என்று பெண்கள் ஆளுக்கு ஒரு முழம் துணி வாங்கிக் கரைக்குக் கீழே கரையாக ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர், மிதக்கிறவர் நிற்கிறவரா உட்கார்ந்தவரா என்று இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் எல்லாரையும் துண்டால் கம்பியில் கட்டிவிட்டு டிக்கெட் கிழித்தார். பஸ் திரும்பும்போது வார்டே ஒரு பக்கமாகச் சாய்ந்து சிரித்தது. பெண் பார்க்க வந்தவர்கள் நகை எத்தனை என்பதற்கு முன்னால் பெண் எத்தனை விரற்கடை என்று கேட்டார்கள். இரண்டு முழம் ஏறிய பெண்ணைக் கட்ட எட்டூர் தாண்டி மாப்பிள்ளை வந்தான், சிக்கனமான குடும்பம் என்பது வாசலிலேயே தெரிந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், உயரம் கூடக் கூட மனசில் இருந்த கனமும் குறைந்தது. குழாயடியில் குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இப்போது "நீ பிடி தாயி", "இல்ல, நீ பிடி" என்று காற்றில் ஆடிக்கொண்டு உபசாரம் பண்ணினார்கள். பத்து வருஷமாக வரப்புச் சண்டையில் கோர்ட்டுக்கு அலைந்த அண்ணனும் தம்பியும் முழம் தாண்டியதும் எந்த வரப்பு என்பதையே மறந்துபோனார்கள். ஏழாவது வார்டில் அந்த மாதிரிச் சிரிப்பை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. காரணமே இல்லாமல் காலையில் ஒரு வீட்டில் ஆரம்பித்தால், சோறு வடிக்கிற நேரத்துக்குள் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மிதக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஜெயக்கொடி. மீட்டர் பெட்டி கரண்டைக்கால் உயரத்தில் இருந்தது, குனிந்துதான் குறிக்க வேண்டும், அதனால் அவள் தினமும் அளந்து சரியாக நாலு குடம் புழங்கி, மண்ணில் கால் வைத்து நடந்தாள். "குறிக்கிறவ தரையில நிக்கணும்" என்பாள். இன்னொருவர் மாவுமில் சௌந்தரபாண்டி. அவர் மெயின் குழாயில் மோட்டார் போட்டுத் தெருத்தண்ணீரை உறிஞ்சித் தன் வீட்டுத் தரைக்கடியில் இருந்த பெரிய தொட்டியை நிரப்பிவைத்திருந்தார். மோட்டாரை யார் கண்ணிலும் காட்டவில்லை. ஆனால் காலைக் காட்டாமல் இருக்க முடியுமா? மிதப்பு ஆரம்பித்த அன்றே அவர் சொந்த வீட்டு மொசைக் தரையில் கரண்டைவரைக்கும் இறங்கிவிட்டார். தெருவில் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குழி விழுந்தது. அதில் பிள்ளைகள் கோலி ஆடினார்கள், சந்தனமாரி வெண்டை விதை போட்டாள். பிறகு அவர் வெளியே வருவதென்றால் இரண்டு பலகையை மாற்றி மாற்றிப் போட்டு அதன் மேல் நடந்து வந்தார். ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை, அவர் பலகையைத் தூக்கி வைப்பதை மட்டும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி பவுன்ராஜுக்கு வருகிறேன். பவுன்ராஜ் ஜெயக்கொடியின் புருஷன், மாமன் மகன், மைக்செட் போடுகிறவன், ஒட்டங்கரையிலேயே அதிகமாகக் குளித்த மனுஷன். ஆறு ஓடிய காலத்தில் காலையில் எட்டு வாளி, சாயங்காலம் எட்டு வாளி. ஒவ்வொரு வாளிக்கும் அவனே கட்டிய ஒரு பாட்டு, எட்டாவது வாளிக்கு உச்சஸ்தாயி. மைக்கே வேண்டாம், அடுத்த வார்டுவரைக்கும் கேட்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் நீராட்டில், ஜெயக்கொடி அவனை மூன்று சந்து துரத்தி முட்டுச்சந்தில் மடக்கி ஒரு குடத்தையும் தலையில் கவிழ்த்தபோது, அவன் கண்ணைக்கூடத் துடைக்காமல் "இன்னொரு கொடம் இல்லையா புள்ள?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள்.

மீட்டர் வந்தபிறகு அதே ஜெயக்கொடி, "மச்சான், ஊருக்கே அட்டை குத்துறவ வீட்டுல ஒரு சொட்டு கூடுனாலும் நாக்கைப் புடுங்குற மாதிரி கேப்பாங்க. நீங்க கொஞ்சம் கொறைச்சுக்கங்க" என்றாள். அவன் கொஞ்சமாகக் குறைக்கவில்லை. அவனுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. குளியலை விட்டான், ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டான், பிறகு துண்டை நனைப்பதையும் விட்டான். பாட்டும் நின்றுபோயிற்று. ஊரெல்லாம் முழத்தில் நின்றபோது பவுன்ராஜ் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தான். ஏணி இல்லாமல் பனைமர உச்சிக்குப் போய் ஸ்பீக்கர் கட்டினான், கூரைக்கு மேலே நின்று ஓடு மாற்றிக் கொடுத்தான், வீட்டில் சோறு உண்ணும்போது உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு தட்டை நீட்டினான். தூங்குவதற்கு ஜெயக்கொடி தன் முந்தானையில் அவன் வேட்டி நுனியை முடிந்துகொண்டாள். அவன் மேல் அவளுக்குப் பெருமையான பெருமை. அதை மறைக்கவே மாட்டாள், "எங்க வீட்டுக்காரர் நேத்தைக்கு ஓட்டைத் தொட்டுட்டாரு" என்று போகிற வீடெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மீட்டரைக் குறிப்பாள்.

இந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து, தண்ணீர் மிச்சப்படுத்தியதில் முதல் குடும்பத்துக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார், மேல்நிலைத் தொட்டி மைதானத்தில் பந்தல், முதல் குடும்பம் ஜெயக்கொடி குடும்பம் என்று முடிவாயிற்று. ஜெயக்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின வாரமே, "விழாவன்னைக்கு இன்னும் ஒரு சாண் ஒசந்து நின்னா பாக்க நல்லாருக்கும் மச்சான்" என்று சொல்லிவைத்தாள். கேட்டது ஒரு சாண்தான். அவன் அந்த ஒரு வாரமும் குடிக்கிற தண்ணீரையும் விட்டுவிட்டு நுங்கும் வெள்ளரிக்காயுமாகத் தின்றான். இது அவளுக்குத் தெரியாது.

விழா நாள் காலை பத்து மணிக்கு வார்டு முழுக்க மைதானத்தில் மிதந்தது. மைக்செட் பவுன்ராஜுடையதுதான். அவன் காலைப் பந்தல் காலில் கட்டிவிட்டுப் போயிருந்தாள் ஜெயக்கொடி. அதிகாரி வந்தார், மாலை போட்டார்கள், அவர் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். "முதல் பரிசு பெறுபவர்" என்று அறிவிக்க வேண்டியவனும் பவுன்ராஜ்தான், வாங்க வேண்டியவனும் பவுன்ராஜ்தான். அவன் தன் பெயரைத் தானே மைக்கில் அறிவித்து, தானே கைதட்டி, கேடயத்தை வாங்கக் குனிந்து, கை எட்டாமல், காலில் இருந்த கட்டைத் தானே அவிழ்த்தான்.

அவிழ்த்ததும் மேலே போனான்.

விருட்டென்றெல்லாம் போகவில்லை, அடுப்புப் புகை போகிற நிதானத்தில் போனான். பந்தல் தென்னங்கீற்றைத் தலையால் விலக்கிக்கொண்டு, கையில் மைக்கோடு, பின்னால் மைக் ஒயர் சுருள் சுருளாக அவிழ்ந்து வர, வேப்பமரத்தைத் தாண்டிப் போனான். வார்டு கைதட்டியது. கேடயத்தைப் பிடித்தபடி அதிகாரியும் கைதட்ட முயன்றார். ஜெயக்கொடியும்தான் தட்டினாள், அவன் மேல்நிலைத் தொட்டியின் தூண்களில் பாதி உயரம் போகிறவரைக்கும்.

"மச்சான், போதும், எறங்குங்க!" என்றாள்.

பதில் நாலு திசை ஸ்பீக்கரிலும் வந்தது. "ஜெயா, இங்கருந்து பாத்தா நம்ம வார்டு ஒரு தாம்பாளத்துக்குள்ள அடங்கிரும் புள்ள. என்னா அழகு தெரியுமா?"

"அழகைப் பெறகு பாக்கலாம். எறங்கி வாங்க."

"எதுக்கு?" என்றான் பவுன்ராஜ்.

கோபமாகச் சொல்லவில்லை, விளையாட்டாகவும் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். ஸ்பீக்கர்கள் அதை நாலு பக்கமும் திருப்பிச் சொல்லின. ஜெயக்கொடிக்கு வரப்பை மறந்த அண்ணன் தம்பி ஞாபகத்துக்கு வந்தார்கள். முழ உயரத்துக்கே வரப்பு மறந்துபோகும் என்றால், அறுபதடி உயரத்தில் பெண்டாட்டி மறந்துபோகமாட்டாளா? அவனை ஏற்றிவிட்டவள் தான்தான் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையில் மீட்டர் நோட்டு இருந்தது, அதைக் கீழே போட்டாள்.

"ஒயரைப் பிடிங்கய்யா! யாராச்சும் ஒயரைப் பிடிங்க!"

வார்டு பாய்ந்து பிடித்தது. அதுதான் அவர்கள் செய்த தப்பு. பிடித்த முதல் ஆள் முழ உயரத்து ஆள், அவன் தரையில் கால் ஊன்றுவதற்குக் கால் தரையிலா இருந்தது? ஒயரோடு சேர்ந்து அவனும் போனான். அவன் காலைப் பிடித்தவள் அவனோடு போனாள், அவளைப் பிடிக்க வந்தவர் அவளோடு போனார். நாரில் பூக் கோத்ததுபோல ஒயரில் இருபத்திரண்டு பேர் கோத்துக்கொண்டு மேலே போனார்கள். போகப் போகக் கவலை குறைந்து, பத்தடியில் புன்னகைத்து, இருபதடியில் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்து, முப்பதடியில் மொத்தப் பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மைக்கில் ஏறி ஊரெல்லாம் கேட்டது. ஒயரின் கடைசி முனை மைக்செட் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஜெயக்கொடியின் தலைக்கு மேலே, அவள் எம்பியும் எட்டாத உயரத்தில் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மைதானத்து ஓரத்தில், இரண்டு பலகைக்கு மேல் ஒதுங்கி நின்ற சௌந்தரபாண்டி, பலகையை விட்டு இறங்கி ஓடி வந்தார். ஒவ்வொரு எட்டுக்கும் முழங்கால்வரைக்கும் மண்ணில் புதைந்து, பிடுங்கி, புதைந்து, எட்டு மாதமாகப் பலகையை விட்டு இறங்காத மனுஷன் எல்லார் முன்னிலும் குழி குழியாக ஓடி வந்து, பந்தல் துரட்டியால் ஒயரை இழுத்துப் பிடித்து, இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டார். ஒயர் விண்ணென்று நின்றது. மேலே இருபத்திரண்டு பேரும் ஒரு குலுங்கு குலுங்கி நின்றார்கள். பவுன்ராஜ் காற்றுக்குச் சாய்ந்து மேல்நிலைத் தொட்டியின் உச்சிக் கம்பி வேலியில் போய் ஒட்டிக்கொண்டான்.

"நான் நிப்பேன். என்னைய யாராலயும் அசைக்க முடியாது. ஆனா எத்தனை நேரந்தான் நிக்கிறது, தண்ணிய ஊத்தி எறக்குங்க. எங்க வீட்டுத் தொட்டியில இருக்கு" என்றார் சௌந்தரபாண்டி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் ஒங்க தண்ணிதான்" என்றார்.

ஜெயக்கொடி மேல்நிலைத் தொட்டியின் படிகளில் ஏறினாள். நூற்றுப் பன்னிரண்டு படி, மண்ணில் கால் வைத்து நடக்கிறவளுக்கு மூச்சு வாங்கியது. கீழே பெண்கள் சௌந்தரபாண்டி வீட்டிலிருந்து படிவரைக்கும் வரிசை கட்டிக் குடத்தைக் கைமாற்றினார்கள். முதல் குடம் உச்சிக்கு வந்தது. அவள் அதைத் தூக்கினாள். பவுன்ராஜ் ஒரு கையால் வேலியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துகொண்டான்.

"வேணாம் ஜெயா. நாலு கொடம் தாண்டிரும். நம்ம வீட்டுக் கதவுல நீயே அட்டை குத்தணும். ஒனக்கு அவமானம்" என்றான் மைக்கில்.

"எனக்கு அட்டையும் வேணாம் கேடயமும் வேணாம். நீங்க வேணும் மச்சான்."

"இங்க நல்லாருக்கு புள்ள. நீயும் வா." அவன் வேலியைப் பிடித்திருந்த விரல்களில் ஒன்றை எடுத்தான், அப்புறம் இன்னொன்றை. அவளைப் பார்த்த பார்வை, தூரத்து மலையைப் பார்க்கிற பார்வையாக இருந்தது.

ஜெயக்கொடி அழுதாள். அவள் அழுதது மைக்கில் விழுந்தது, ஊர் கேட்டது. படியின் கடைசி வளைவில் குடத்தோடு நின்ற சந்தனமாரியும் கேட்டாள்.

"மதினி! வெறுந்தண்ணிய வேணாங்கலாம், மஞ்சத்தண்ணிய வேணாங்க முடியுமா?" என்று கத்தினாள் சந்தனமாரி. "முறைக்காரி ஊத்துனா நின்னு வாங்கிக்கிடணும், அதான நம்ம ஊரு வழக்கம்? எனக்கு அவரு அண்ணன் முறை, நான் ஊத்தக் கூடாது. நீ அத்தை மக. கட்டிக்கிட்டா முறை போயிருமா?"

கீழேயிருந்து சௌந்தரபாண்டி, "மில்லுல ரெண்டு மூட்டை மஞ்சப்பொடி கெடக்கு, அள்ளிட்டுப் போங்க!" என்றார்.

அது உண்மைதான், ஒட்டங்கரையில் மஞ்சள்தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல எந்த ஆம்பளைக்கும் உரிமை கிடையாது. ஓடலாம், ஒளியலாம், வைக்கோல் படப்புக்குள் புகுந்துகொள்ளலாம். முறைப்பெண் குடத்தோடு முன்னால் வந்து நின்றுவிட்டால், நின்று தலையைக் குனிய வேண்டியதுதான். மந்திரியானாலும் அப்படித்தான். மஞ்சள் படிக்குப் படி ஏறி வந்தது, குடத்தில் கலந்தது, மூன்று வருஷமாக யாரும் முகர்ந்திராத அந்த வாசனை தொட்டியைச் சுற்றி எழுந்தது. பவுன்ராஜின் மூக்கு அதைப் பிடித்தது. அவன் மூன்றாவது விரலை எடுக்கப் போனவன் நிறுத்தினான்.

ஜெயக்கொடி சேலையைத் தூக்கிச் செருகினாள், வேலியை ஒட்டி வந்து நின்றாள், குடத்தை இடுப்பில் வைத்தாள். "மச்சான், முட்டுச்சந்து. இனி ஓட எடமில்ல."

பவுன்ராஜ் தலையைக் குனிந்தான்.

அவள் ஒரு குடத்தையும் கவிழ்த்தாள். தண்ணீர் அவன் உச்சியில் விழுந்து, காதில் இறங்கி, மார்பில் ஓடியது. பத்து மாதமாகத் தண்ணீர் காணாத உடம்பு சிலிர்த்துக்கொண்டது. ஒரு முழம் இறங்கினான். கண்ணைத் துடைக்காமல், வாய்க்குள் போன மஞ்சளைத் துப்பாமல், அவன் அவளைப் பார்த்தான். இப்போதைய பார்வையில் மலை இல்லை.

"இன்னொரு கொடம் இல்லையா புள்ள?" என்றான்.

அவ்வளவுதான், வார்டுக்கு வெறி பிடித்துக்கொண்டது. குடங்கள் மேலே பறந்தன. அவன் இறங்க இறங்க ஜெயக்கொடியும் படி படியாக இறங்கிக்கொண்டே ஊற்றினாள். பத்தாவது குடத்தில் அவனுக்குப் பாட்டு வந்தது, இருபதாவது குடத்தில் உச்சஸ்தாயி வந்தது, எல்லாம் மைக்கில். ஒயரில் கோத்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேரையும் அவரவர் முறைக்காரிகள் தேடிப் பிடித்தார்கள். எழுபது வயசு மாமனுக்கு அறுபது வயசு அத்தைமகள் ஊற்றினாள், வரப்பை மறந்த அண்ணன் பெண்டாட்டி கொழுந்தனுக்கு ஊற்றினாள், அவனுக்கு உடனே வரப்பு ஞாபகம் வந்தது, ஆனால் வாயில் மஞ்சள் இருந்ததால் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். முறை தெரியாத அதிகாரியை யாருக்கு என்ன முறை என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி மாமா என்று கூப்பிட்டு ஊற்றிவிட்டாள். தொப் தொப்பென்று ஒவ்வொருவராக மண்ணில் விழுந்து, எழுந்து, கால்விரலை மண்ணில் நோண்டிப் பார்த்து, மறுபடியும் துரத்த ஓடினார்கள். தொட்டியில் குடம் குடமாகக் குறையக் குறைய, சௌந்தரபாண்டியின் முழங்கால் வெளியே வந்தது, கெண்டைக்கால் வந்தது. கடைசிக் குடம் போனபோது அவர் எல்லாரையும்போலத் தரையில் நின்றார். அவருடைய கொழுந்தியா தன் வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து அவர் தலையிலும் கவிழ்த்தாள். பழைய குழிக்குள் அவர் ஒரு விரற்கடை இறங்கினார், இறங்கியதற்காக அன்றைக்குத்தான் முதல்தடவை சந்தோஷப்பட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஜெயக்கொடி மீட்டர் நோட்டைத் தேடி எடுத்து, மஞ்சள் கறை படிந்த தாளில், யார் வீட்டுக் குழாயில் வந்தால் என்ன, யார் தலையில் விழுந்ததோ அவர் கணக்கு என்று ஒவ்வொரு பெயருக்கும் குடம் எண்ணி எழுதினாள். ஒரு குடம் குறைத்து எழுதவில்லை. சுத்தியலும் ஆணியும் சிவப்பு அட்டைக் கட்டும் எடுத்துக்கொண்டு முதல் அட்டையைத் தன் வீட்டுக் கதவில் வைத்து அடித்தாள். பிறகு வரிசையாக எல்லாக் கதவிலும் அடித்துக்கொண்டு போனாள். நிலைப்படித் தலையணைகளை அவிழ்த்துக்கொண்டிருந்த ஜனங்கள், அட்டை நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சொன்னார்கள். இரண்டு வீட்டில் அட்டைக்குப் பொட்டு வைத்தார்கள்.

சனிக்கிழமை காலையில் பவுன்ராஜ் பட்டியல் வாசித்தான். இந்த முறை பனைமரத்தில் ஸ்பீக்கர் கட்ட ஏணி போட வேண்டியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண வீட்டில் மொய் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தான்: "கதவு எண் இருபத்தேழு. மைக்செட் பவுன்ராஜ். நாலு குடத்துக்கு மேல் ஐம்பத்தொரு குடம் கூடுதல். ஊற்றியவர், அத்தை மகள் ஜெயக்கொடி."

தெருக்கோடியில் கடைசிக் கதவில் ஆணி அடித்துக்கொண்டிருந்த ஜெயக்கொடி சுத்தியலை நிறுத்தினாள்.

"இல்ல மச்சான், அம்பத்திரெண்டு!" என்று அங்கிருந்தே கத்தினாள். "கல்யாணத்துக்கு முந்துன முட்டுச்சந்துக் கொடத்தை விட்டுட்டீங்க!"